செபமாலைமுத்து காத்திருந்த ஊர்கள்

இங்கிலாந்தின் மேற்கே எக்ஸ்மூர் என்றொரு மேட்டுவெளி இருக்கிறது. மரமில்லாத, காற்று ஓயாத, ஊதாப் பூப் புதர் மண்டிய வெளி. அதன் விளிம்பில் உள்ள பழைய கிராமங்கள் எல்லாவற்றிலும் கதவைத் தட்டித் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கக்கூடிய தமிழர் ஒருவர் லண்டனில் இருந்தார் என்றால், அது ஆர்ச்வே செபமாலைமுத்துதான். அந்த வெளிக்குக் குறுக்கே அவர் ஒரு தடவைகூடச் சைக்கிள் ஓடியதில்லை. ஓடியது அவருடைய மனைவி டொலறஸ். அவர் காரில் ஊர் ஊராகப் போய் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றவர்.

தெரிந்தவர்களுக்கு அவர் முத்தர். எழுபதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்கவென்று கப்பலேறி வந்தார். அந்தப் படிப்புக்கு அவரையும், அவருக்கு அந்தப் படிப்பையும் பிடிக்காமல் போகவே, பாதாள ரயிலில் வேலைக்குச் சேர்ந்து ஆர்ச்வே ஸ்டேஷனில் ரிக்கற் விற்கும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்குப் பொருந்தியிருந்தது. எங்கே இறங்கி எதில் மாறவேண்டும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோடு ஓடாது என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். நிலத்துக்குக் கீழே இருக்கும்வரை முத்தருக்குத் திசை பிசகாது. மேலே வந்தால் கதை வேறு. வெம்பிளியில் ஒரு கல்யாணவீடு என்றாலும் முதல்நாளே காரில் போய் வழி பார்த்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

டொலறஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்ட்டில் தாதி. நாள் முழுக்க விழுந்தவர்களையும் முறிந்தவர்களையும் தூக்கி நிமிர்த்துகிற ஒருத்திக்கு மலையில் சைக்கிள் ஓடும் ஆசை ஏன் வந்தது என்று முத்தருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மகள் ஜெனிற்றா படிக்கவென்று லெஸ்ரருக்குப் போன வருடம் அது. வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. வார்ட்டுக்கு வந்து நோயாளிகளுக்குக் கைகால் அசைக்கப் பழக்குகிற மொறீன் என்ற ஐரிஷ்காரி, மேட்டுவெளியில் சைக்கிள் ஓடுகிற சிறு குழு ஒன்று வைத்திருந்தாள். டொலறஸ் ஒரு சனிக்கிழமை அவர்களோடு போனாள். அடுத்த மாதம் வீட்டு நடையில் ஒரு சிவப்புச் சைக்கிள் நின்றது.

முத்தர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ட்ரக்டருக்குப் பூட்டுவதுபோல் முள்ளுமுள்ளான தடித்த டயர். பதினெட்டுக் கியர். ஆனால் மணி இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் கரியர் இல்லை. கரியர் இல்லாத ஒன்றைச் சைக்கிள் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மூட்டை அரிசிகூட ஏற்ற முடியாத வண்டிக்குப் பதினெட்டுக் கியர் எதற்கு என்று கேட்டார். டொலறஸ், அரிசி ஏற்றுவதற்காக வாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அதை ஓடிக் காட்டவேண்டும் என்று அவருக்கு வீம்பு வந்தது அப்போதுதான். பின்னால் ஒருவரையும் முன்னால் ஒருவரையும் வைத்து ஊரில் சாவகச்சேரிவரை மிதித்த கால் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆர்ச்வே றோட் சரிவில் இறங்கினார். சரிவு அவர் நினைத்ததைவிடச் சரிவாக இருந்தது. பிரேக்கைப் பிடித்தார். ஊரில் பிரேக் என்பது பிடித்த பிறகு யோசித்துப் பார்த்து நிற்பது. இது பிடித்த இடத்திலேயே நின்றது. முத்தர் நிற்கவில்லை. கைபிடிக்கு மேலால் பறந்து, முருகன் கோயில் வாசலில், பூசைக்குப் போய்க்கொண்டிருந்த சனங்களுக்கு முன்னால், சாஷ்டாங்கமாக விழுந்தார்.

அவர் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கர். அது அங்கே நின்றவர்களுக்குத் தெரியாது. கடைக்கார யோகலிங்கத்துக்கு மட்டும் தெரியும். அவர்தான் ஓடி வந்து தூக்கினார். தூக்கிவிட்டு, பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கையிலிருந்த திருநீற்றை எடுத்து முத்தரின் நெற்றியில் பூசியும்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, மதம் மாறுவதென்றால் இப்படி அவசரப்பட்டா மாறுவது என்று இரண்டு பேர் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகு முத்தர் அந்தச் சைக்கிளில் ஏறவில்லை. கேட்டவர்களுக்கு முழங்கால் என்றார்.

எண்பத்தொன்பது வைகாசியில் மொறீனின் குழு எக்ஸ்மூருக்குப் போகிறது என்று தெரிந்ததும் முத்தர் மறிக்கவில்லை. மறித்தால் நிற்கக்கூடியவள் இல்லை டொலறஸ். அவர் ஸ்டேஷனில் லீவு கேட்டார். காரின் டயருக்குக் காற்று அடித்தார்.

"நீங்கள் ஏன் வாறியள்? நாங்கள் எல்லாரும் வான்லயெல்லோ போறம்" என்றாள் டொலறஸ்.

"எனக்கும் நல்ல காத்துச் சுவாசிக்க வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

எந்த டொக்டர் என்று அவள் கேட்கவில்லை. வெள்ளி இரவு வழமையைவிட இரண்டு மடங்கு இறைச்சி றோல்ஸ் பொரித்தாள்.

ஒழுங்கு இப்படித்தான் அமைந்தது. காலையில் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிள்கள் புறப்பட்டு வெளிக்குள் ஏறும். குதிரைப் பாதை, ஆட்டுப் பாதை, கல் உருளும் பள்ளம், முழங்காலளவு நீரோடை என்று போய், மத்தியானத்துக்கு மறுபக்கத்துக் கிராமம் ஒன்றில் இறங்கும். முத்தர் வெளியைச் சுற்றிப் போகிற றோட்டால் காரில் போய் அந்தக் கிராமத்தில் நிற்பார். காரின் பின்பெட்டியில் பிளாஸ்க், கம்பளி, கயிறு, அயடின், சித்தாலேப என்ற வலித்தைலம் எல்லாம் இருக்கும். கயிறு எதற்கு என்று மொறீன் ஒருமுறை கேட்டாள். தேவைப்படுகிற நேரத்தில் தெரியும் என்றார் முத்தர்.

நிற்பது என்றால் சும்மா நிற்பதில்லை. முதல் அரை மணித்தியாலம் காருக்குள் இருந்து மலையைப் பார்ப்பார். பிறகு இறங்கி, குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். கூரைக்கு வைக்கோல் வேய்ந்த வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு தபால் கடை, ஆற்றுக்குக் குறுக்கே கூன் விழுந்த கல் பாலம். அவ்வளவுதான் ஊர். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் எப்படியும் ஒருவர் வேலியருகே வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்பார். மனைவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பார் முத்தர். மனைவி எங்கே என்றால் குடையால் மலையைக் காட்டுவார். அதற்குப் பிறகு கதை தானாக நீளும். றோல்ஸ் பெட்டி திறக்கும். குழு பசியோடு வந்து இறங்கும்போது பெட்டியில் பாதிதான் மிஞ்சியிருக்கும். மீதி ஊருக்குள் போயிருக்கும்.

இப்படியே இரண்டு மூன்று கோடை போனது. லண்டனில் யாராவது கேட்டால், நெஞ்சுக்குச் சுகமில்லை, டொக்டர் சொல்லித்தான் போகிறேன், மனுசி துணைக்கு வருகிறா என்பார். சைக்கிளைப் பற்றி வாயே திறக்கமாட்டார். யோகலிங்கம் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிறபோது, துணைக்கு வருகிறவவின் முழங்கையில் ஏன் இவ்வளவு சிராய்ப்பு என்று கேட்டு அவரை விழிக்கப் பண்ணுவார்.

தொண்ணூற்றொன்று புரட்டாசியில்தான் அது நடந்தது.

அன்றைக்குக் குழு எக்ஸ்போர்ட் கிராமத்திலிருந்து ஏறி, டன்கரி என்ற மிக உயர்ந்த மேட்டைக் கடந்து, மறுபக்கம் லக்கம் கிராமத்துத் தேவாலயத்தடியில் இறங்குவதாகப் பேச்சு. மொறீன் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியிருந்தாள். முத்தர் பெரிய றோட்டால் சுற்றி வந்தார். லக்கத்துக்குத் திரும்புகிற முதலாவது கைகாட்டி ஒரு மரக்கொப்புக்குள் மறைந்திருந்தது. இரண்டாவது கைகாட்டியில் 'வெஸ்ட் லக்கம்' என்று எழுதியிருந்தது. அவர் இரண்டாவது சொல்லைப் பார்த்துத் திருப்பினார்.

நாலைந்து வீடும் ஒரு பண்ணையும் ஒரு சின்னப் பாலமும்தான் அங்கே இருந்தன. தேவாலயம் இல்லை. இல்லை என்பது அவர் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் தேவாலயம் இல்லாத ஊரே கிடையாது, மரங்களுக்குப் பின்னால் எங்காவது இருக்கும் என்று தீர்மானித்து, காரை நிறுத்தி, கதிரையைச் சாய்த்தார்.

மத்தியானம் வந்தது. டொலறஸ் வரவில்லை. டன்கரி இருந்த இடத்தில் இப்போது டன்கரி இல்லை. வெள்ளைப் புகார் மூடுபனியாக இறங்கி மலையை வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. முத்தர் இறங்கி நின்றார். நடந்தார். பாலத்தில் நின்று பார்த்தார். எலும்பு வார்ட்டைப் பற்றி அவள் இராச்சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்த கதைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைசியில் பண்ணைக் கதவைத் தட்டினார்.

திறந்தது மிஸிஸ் ரிட்லர். மாவு படிந்த கை, பெரிய குரல், நல்ல மனசு. முத்தருடைய இங்கிலீசு ரிக்கற் கண்ணாடிக்குப் பின்னால் நன்றாக ஓடும், அன்றைக்குத் தடக்கியது. மனைவி மலையில், புகாருக்குள், தனிய என்றார். கூட நாலு பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல மறந்துபோனார். மிஸிஸ் ரிட்லர் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு ரெலிபோனைத் தூக்கினாள். அவளுடைய புருசன் லாண்ட் ரோவரோடு வந்தார். அயல் பண்ணைக்காரர் இரண்டு பேர் நாய்களோடு வந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நாளைக்கு அறுவடை என்றோ, சனிக்கிழமை என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. முத்தர் தன் கயிற்றையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

மேலே போனதும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லாண்ட் ரோவரை விட்டு இறங்கி வரிசையாக நடந்தார்கள். கூப்பிடுங்கள், உங்கள் குரலென்றால் தெரிந்துகொள்வா என்றார் ரிட்லர்.

முத்தர் வாயைத் திறந்தார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவர் மனைவியைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டதில்லை. அடுக்களையிலிருந்தோ மாடியிலிருந்தோ கூப்பிடவேண்டும் என்றால் 'இங்கே பாரும்' என்பது மருவிய ஒரேயொரு சொல்தான். அந்தச் சொல்தான் இப்போதும் வந்தது.

"இஞ்சேரும்..."

புகாருக்குள் அது கொஞ்சத் தூரம் போய்க் கரைந்தது. இன்னும் பலமாகக் கூப்பிட்டார். ரிட்லர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு, தானும் தொண்டையைத் திறந்தார். இடப்பக்கத்திலிருந்து அயல் பண்ணைக்காரர் கூப்பிட்டார். வலப்பக்கத்தில் மற்றவர். எக்ஸ்மூரின் உச்சியில், மூன்று வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்கள் "இஞ்சேரும், இஞ்சேரும்" என்று மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். செம்மறிகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தன. முத்தருக்குத் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு சதுப்பில் கால் புதைந்து இழுத்தபோது ஒரு சப்பாத்து உள்ளேயே நின்றுவிட்டது. அதையும் அவர் சொல்லவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தார்.

இதே நேரம் டொலறஸ் எங்கே நின்றாள் என்றால், புகார் இறங்குவதற்கு முன்பே மற்ற நால்வரோடும் இறங்கி, லக்கம் தேவாலய வாசலில், இரண்டு மைல்கூட இல்லாத தூரத்தில், அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முத்தர் பிந்துகிற ஆள் இல்லை. கார் எங்காவது பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். மொறீன் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதி வீதியாக, ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினாள். கடைசியில் ஒரு பண்ணை வாசலில் கார் நின்றது. உள்ளே ஆள் இல்லை. பண்ணைக் கதவைத் தட்டினாள்.

மிஸிஸ் ரிட்லர் அவளை மேலும் கீழும் பார்த்து, நீதான் இஞ்சேரும் என்பவளா என்று கேட்டாள். சற்று முன் ரிட்லர் மலைச்சரிவிலிருந்த ஒரு பண்ணைக்கு இறங்கி வந்து, ரெலிபோனில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடியும் ஏறியிருந்தார். டொலறஸ் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, ஓம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று கண்டு, தலையை ஆட்டினாள்.

மலைக்குச் செய்தி அனுப்ப வழியில்லை. பின்னேரம் லாண்ட் ரோவர் திரும்பி வந்தபோது, முழங்கால்வரை சேறும் ஒற்றைச் சப்பாத்துமாக முத்தர் அடுக்களைக்குள் வந்தார். டொலறஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

முத்தர் கயிற்றையும் குடையையும் கதவோரம் வைத்தார்.

"எங்கையப்பா நிண்டனீர்?" என்றார் முத்தர்.

"லக்கத்தில. கோயிலடியில. நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"இதுவும் லக்கந்தானே."

"இது வெஸ்ட் லக்கம். ரிக்கற் விக்கிற மனிசன் கதைக்கிற கதையே இது? ஈஸ்ட் பின்ச்லிக்குப் போறவனை வெஸ்ட் பின்ச்லிக்கு அனுப்புவியளோ?"

முத்தர் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். டொலறஸ் கேக்கை வைத்துவிட்டு எழும்பி வந்து, கீழே குந்தி, அவருடைய நனைந்த காலுறையைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டிருக்கும்போதே தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ரிட்லர் மரியாதையாக மற்றப்பக்கம் திரும்பினார். அவள் அழவில்லை. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு மிஸிஸ் ரிட்லர், பிறகு நாய்க்காரர்கள். முத்தர்தான் கடைசியாகச் சிரித்தார், கொஞ்சம் காலம் தாழ்த்தி.

ஆனால் லண்டனுக்கு வந்த பிறகு அது அவருக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. மொறீன் அந்தக் கதையை வார்ட்டில் சொன்னாள். வார்ட்டில் காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த ஒரு தமிழ்ப் பெடியன் வழியாக அது யோகலிங்கம் கடைக்குப் போனது. அடுத்த கோடையில் குழு புறப்பட்டபோது ஷிப்ட் மாற்ற ஏலாது என்று முத்தர் வீட்டிலேயே நின்றுவிட்டார். டொலறஸ் வற்புறுத்தவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் தோட்டத்துப் புல்லை இரண்டுதரம் வெட்டினார். சாப்பிட உட்கார்ந்து எழும்பினார். ரெலிவிஷனில் வானிலை சொன்னபோது, எக்ஸ்மூர் பக்கம் வெயில் என்று கேட்டும், யன்னலால் லண்டன் வானத்தைப் பார்த்தார்.

டொலறஸ் ஞாயிறு இரவு வந்து சேர்ந்தாள். முகம் அவ்வளவு நன்றாக இல்லை. விழுந்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"போன இடமெல்லாம் உங்களைத்தான் கேக்கினம். தபால் கடைக்காரி கேக்கிறா. ரிட்லர் கேக்கிறார். ஒரு கிழவர் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, முத்து எங்கை எண்டு கேட்டார். அவ்வளவு தூரம் மலையேறி இறங்கி வாறது நான். ஒருத்தரும் என்னை எப்பிடிச் சுகமெண்டு கேக்கேல்லை."

முத்தர் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். அடுத்த பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் மறுநாளே காருக்கு எண்ணெய் மாற்றக் கொடுத்தார்.

பிறகு வந்த வருடங்களில் முத்தர் வெட்கத்தை விட்டுவிட்டார். நெஞ்சு வருத்தத்தையும் விட்டுவிட்டார். மனுசி மலையில் சைக்கிள் ஓடுகிறா, நான் கீழே நிற்கிறேன் என்று பூசை முடிந்த வாசலில் நின்று நேராகவே சொன்னார். கேட்டவர்களில் சிலர் தாங்களும் வரலாமா என்றார்கள். செல்வமலர் என்ற கணக்காளர் பெண் ஒருத்தி வந்து சேர்ந்து, டொலறஸைவிட வேகமாக ஓடினாள். டொலறஸுக்கு அது பிடிக்கவில்லை. முத்தர் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக நின்றார். எந்த ஊரில் எந்த வாரம் பூக் கண்காட்சி, யாருடைய பசு கன்று போட்டது, எந்தச் சுவாமியாரின் பிரசங்கம் நீளம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயின. ஒருமுறை ஒரு கிராமத்துக் கண்காட்சியில் ஊறுகாய்க்குப் புள்ளி போட ஆள் குறைந்தபோது அவரை இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, உறைப்புப் போதாது என்று அத்தனைக்கும் ஒரே புள்ளி போட்டார். அதன் பிறகு அந்த வேலைக்கு அவரைக் கூப்பிடவில்லை. தேத்தண்ணிக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

தொண்ணூற்றேழில் ஸ்டேஷனில் ரிக்கற் மெசின்கள் கூடின. முத்தர் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டார். அதே வருடம் டொலறஸின் மணிக்கட்டு முறிந்தது. மலையில் அல்ல, ஆர்ச்வே சந்தியில், பஸ் பிடிக்க ஓடி, நடைபாதை விளிம்பில் தடக்கி. தன்னுடைய வார்ட்டிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி இது முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். முத்தர் நினைக்கவில்லை. கை சரிவருகிற மட்டும் இரண்டு பேரும் காரிலேயே போனார்கள். அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வழி தெரியாது என்று அவர் தயங்குகிற சந்தி ஒவ்வொன்றிலும் சரியான பக்கத்தைத் தாடையால் காட்டினாள்.

அடுத்த வருடம் ஆவணியில் மறுபடியும் சைக்கிளில் ஏறினாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். விதிப்பூல் பக்கமிருந்து வெளியைக் கடந்து வின்ஸ்போர்டுக்கு இறங்குகிற சின்னப் பாதைதான். செல்வமலர் முன்னால் போய்விட்டாள். ஊதாப் பூ நன்றாகப் பூத்திருந்தது. டொலறஸ் எந்தப் பிசகும் இல்லாமல் இறங்கி, ஆற்றைக் கடந்து, ஊருக்குள் வந்தாள். கார் நின்றது. கதவு பூட்டியிருக்கவில்லை. குடை பின் கதிரையில் கிடந்தது. முத்தர் இல்லை.

அவர் தேவாலயக் கோபுரத்துக்குள் நின்றார். மணி அடிக்கிறவர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தோள் வலி. வேடிக்கை பார்க்கப் போன முத்தரின் கையில் கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று ஒரு அம்மா விளக்கிக்கொண்டிருந்தா. நடுநடுவே ஒரு மணி மட்டும் மற்றவற்றோடு சேராமல், தன்பாட்டுக்கு, பிந்தி ஒலித்தது.

அது யாருடைய கை என்று தெரிந்துகொண்டு டொலறஸ் புல்லில் உட்கார்ந்தாள். எழும்பினாள். சைக்கிளை எடுத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று வந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது. மூன்றாவது சுற்றில் ஒரு வீட்டு வேலியருகே ஒரு கிழவி வந்து நின்று, ஏதாவது தொலைத்துவிட்டாயா மகளே என்று கேட்டா.

டொலறஸ் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கோபுரத்தைக் காட்டினாள். பிறகு காருக்குப் போய் றோல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.